கண் பிரஷர் பார்க்கும் புதிய கருவிகள்: காட்டும் எண்ணை எவ்வளவு நம்பலாம்?

கண்ணின் அழுத்தத்தை அளக்கும் ஐகேர் டோனோமீட்டரின் கையேட்டில் துல்லியம் என்ற இடத்தில் ±1.2 மி.மீ. பாதரசம் என்று போட்டிருக்கும். அழுத்தம் 20க்கு மேல் போனால் ±2.2. விற்க வருபவர் முதலில் விரல் வைத்துக் காட்டுவது இந்த வரியைத்தான். அதே வரியில் இன்னொரு சொல்லும் இருக்கிறது, அதை அவர் படித்துக் காட்டுவதில்லை: மானோமெட்ரியோடு ஒப்பிட்டால். மானோமெட்ரி என்றால் கண்ணுக்குள் ஊசி செலுத்தி உள்ளழுத்தத்தை நேரடியாக அளப்பது. அறுவை அரங்கிலோ சோதனைக்கூடத்தில் எடுத்து வைத்த கண்ணிலோதான் அதைச் செய்ய முடியும். நாற்காலியில் உட்கார்ந்து, பயத்தில் இமையை இறுக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் நோயாளியின் கண்ணுக்கு அந்த ±1.2 எழுதப்படவில்லை.

கருவிழியில் கம்பி மோதித் திரும்பும் ஐகேர் போன்ற கையடக்க ரிபவுண்ட் கருவி, வீட்டுக்கே கொடுத்தனுப்பும் கருவி, காற்றடித்துக் கருவிழியின் இயல்பையும் சேர்த்துக் கணக்கிடும் கருவி எனக் கடந்த இருபது ஆண்டுகளில் நிறைய வந்துவிட்டன. எல்லாமே ஏதோ ஒரு இடத்தில் உண்மையாகவே உதவுகின்றன. ஆனால் வாங்கும் கிளினிக் அவற்றைத் தன் நோயாளிகளின் கண்ணில் ஒருமுறை சோதித்துப் பார்க்காமல் நம்பக்கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. அந்தச் சோதனையைச் செய்யும் விதமும், ஒவ்வொரு கருவியைப் பற்றிய எங்கள் மதிப்பீடும் இங்கே. அழுத்தம் சொல்லும் இடங்களில் இனி எண்ணை மட்டும் தருகிறோம். அலகு எல்லா இடத்திலும் மி.மீ. பாதரசம்.

ஒப்பிடும் அளவுகோலே சரியாக இருக்கிறதா?

எந்தப் புதிய கருவியையும் கோல்ட்மேன் அப்ளனேஷனோடுதான் ஒப்பிடுகிறார்கள். சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் ஹான்ஸ் கோல்ட்மேன் 1950களில் உருவாக்கிய முறை அது. கண்ணைத் தொடும் முனையான ப்ரிசம் கருவிழியை 3.06 மி.மீ. விட்டத்துக்குத் தட்டையாக்கும்போது, ப்ரிசத்தை உள்ளே இழுக்கும் கண்ணீரின் பரப்பு இழுவிசையும் வெளியே தள்ளும் கருவிழியின் விறைப்பும் ஒன்றையொன்று சமன் செய்துவிடும். மிஞ்சுவது உள்ளழுத்தம் மட்டும். அந்த விட்டத்தில் 1 கிராம் விசைக்கு அழுத்தம் 10. விசையைக் கூட்டிக் குறைக்கும் திருகுச் சக்கரமான டிரம்மில் 2 என்று நின்றால் 20 என்று படிப்பது இதனால்தான்.

இந்தச் சமன்பாடு கருவிழியின் தடிமன் 520 மைக்ரானை ஒட்டி இருக்கும் என்ற அடிப்படையில் நிற்கிறது. மேலை நாட்டவரின் சராசரி 540, 550 என்று வருகிறது. தென்னிந்தியாவில் எடுத்த கணக்குகள் 510ஐ ஒட்டி நிற்கின்றன. அதனால் நம் ஊர்க் கண்களில் கோல்ட்மேன் காட்டுவது பெரும்பாலும் உண்மையை விடச் சற்றுக் குறைவாக இருக்க வாய்ப்புண்டு. "அப்படியானால் தடிமனுக்கு ஏற்பக் கூட்டிக் கழித்துவிடலாமே" என்று தோன்றும். பல கிளினிக் சுவர்களில் அந்த அட்டவணை ஒட்டியும் இருக்கிறது. அதை நம்பி மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். ஏலர்ஸ் என்ற ஆய்வாளர் 1975இல் சொன்ன கணக்கில் 10 மைக்ரானுக்குச் சுமார் 0.7 திருத்த வேண்டும். 2000ஆம் ஆண்டில் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தவர்கள், சாதாரணக் கண்ணில் தடிமன் 10 சதவீதம் மாறினால் அழுத்தம் 1.1 மாறுகிறது என்றார்கள். அது 10 மைக்ரானுக்கு 0.2 அளவில்தான் வரும். இரண்டுக்கும் மூன்று மடங்குக்கு மேல் வித்தியாசம். தடிமன் ஒத்திருக்கும் இரண்டு கருவிழிகளில் ஒன்று விறைப்பாகவும் மற்றது தளர்வாகவும் இருக்கலாம் என்பதே காரணம். தடிமனை அளந்து குறித்து வைப்பது அவசியம். அது கிளாக்கோமாவின், அதாவது பார்வை நரம்பு கெடும் நோயின் ஆபத்தைச் சொல்லும். அழுத்தத்தைத் திருத்துவதற்கான சூத்திரமாக அது உதவாது.

அடுத்தது இன்னும் சாதாரணமான பிரச்சினை. உங்கள் கோல்ட்மேன் சரியாக நிற்கிறதா? நாளொன்றுக்கு நூறு கண் பார்க்கும் இடத்தில், இடித்துக்கொண்டும் கீழே விழுந்தும் பழகிய கருவி சரியாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ள எந்த நியாயமும் இல்லை. பெட்டியோடு ஒரு சரிபார்க்கும் கம்பி வரும். அதில் ஐந்து கோடுகள். நடுக்கோடு பூஜ்யம், அதன் இருபுறமும் உள்ளவை 2 கிராம், ஓரத்தில் இருப்பவை 6 கிராம்.

ப்ரிசத்தைப் பொருத்திக்கொண்டு முதலில் கம்பி இல்லாமல் பூஜ்யத்தைப் பாருங்கள். டிரம்மை மெதுவாகத் திருப்பினால் ப்ரிசத்தைத் தாங்கும் கருவியின் கை முன்னும் பின்னுமாக லேசாகச் சாயும். அந்தச் சாய்வு −0.05க்கும் +0.05க்கும் இடையில் நடக்க வேண்டும். பிறகு கம்பியை அதன் பிடியில் செருகி, 2 கிராம் கோட்டைப் பிடியின் குறியோடு பொருத்துங்கள். நீண்ட பகுதி உங்கள் பக்கம் இருக்கட்டும். இப்போது சாய்வு 1.95க்கும் 2.05க்கும் இடையில். 6 கிராம் கோட்டில் 5.9க்கும் 6.1க்கும் இடையில். அழுத்தத்தில் சொன்னால் 20இல் அரை, 60இல் ஒன்று. இதைத் தாண்டினால் கருவி தயாரிப்பாளரிடம் போக வேண்டும். உள்ளே இருக்கும் திருகைக் கிளினிக்கிலேயே திறந்து சரிசெய்யப் பார்ப்பது ஆபத்து.

மாதம் ஒருமுறை இது போதும். நெரிசலான வெளிநோயாளிப் பிரிவில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை. முழுவதும் முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகாது. ஆனாலும் கம்பி எங்கே என்று தேட வேண்டிய நிலையில்தான் நிறைய இடங்கள் இருக்கின்றன. கம்பியே காணாமல் போன கிளினிக்கில் புதிய கருவியைச் சோதிப்பதில் அர்த்தமில்லை. முதலில் கம்பியை வரவழையுங்கள்.

ப்ரிசத்தையும் ஸ்லிட் லேம்பில் (கண் பார்க்கும் நுண்ணோக்கியில்) பெரிதாக்கிப் பாருங்கள். நெடுநேரம் ப்ளீச்சில் ஊறிய ப்ரிசத்தின் முகத்தில் மயிரிழை வெடிப்பு விழும், உள்ளே நீர் புகும். வெடிப்புள்ள முனை கருவிழியைக் கீறிவிடும். ஒரு பங்கு ப்ளீச்சுக்கு ஒன்பது பங்கு நீர், ஐந்து முதல் பத்து நிமிடம், பிறகு ஓடும் நீரில் நன்றாகக் கழுவி உலர்த்தல். அவ்வளவுதான். மதியம் முழுக்க ஊறப்போட்டு வைப்பதில் கூடுதல் பலன் எதுவும் இல்லை. ஸ்பிரிட் பஞ்சால் துடைப்பதோடு நிறுத்தினால், மெட்ராஸ் ஐ பரவும் காலத்தில் அடினோ வைரஸ் ஒரு கண்ணிலிருந்து அடுத்த கண்ணுக்குப் போக நாமே வழி செய்தவர்கள் ஆவோம்.

சோதனையை எப்படி நடத்துவது

டோனோமீட்டர்களுக்கான சர்வதேசத் தரம் ஐ.எஸ்.ஓ. 8612. அது கேட்பது எளிமையானது. கண்களை அழுத்தத்தின்படி மூன்று கூட்டமாகப் பிரி: 7 முதல் 16 வரை, 16க்கு மேல் 23க்குள், 23உம் அதற்கு மேலும். ஒவ்வொரு கூட்டத்திலும் குறைந்தது 40 கண். புதிய கருவிக்கும் கோல்ட்மேனுக்கும் உள்ள வித்தியாசம் 5ஐத் தாண்டும் கண்கள், எந்தக் கூட்டத்திலும் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் இருக்கக்கூடாது. நாற்பதில் இரண்டு தாண்டலாம், மூன்றாவது தாண்டினால் தோல்வி.

இந்த ±5 மிகத் தாராளமான வரம்பு. கிளாக்கோமாவின் தொடக்க நிலையில் இருந்தவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த சுவீடனின் ஈ.எம்.ஜி.டி. ஆய்வு, அழுத்தம் 1 குறைந்தால் நோய் முற்றும் அபாயம் சுமார் 10 சதவீதம் குறைகிறது என்று காட்டியது. ஒன்றுக்கே இவ்வளவு மதிப்பு இருக்கும்போது, 18 உள்ள கண்ணை 22 என்று காட்டும் கருவியும் தரச் சான்றிதழோடு சந்தைக்கு வந்துவிடலாம். ஆகவே "ஐ.எஸ்.ஓ. தேறியது" என்பதை நுழைவுச் சீட்டாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

சிறிய கிளினிக்கில் 120 கண் திரட்ட முடியாவிட்டாலும், மூன்று கூட்டத்திலும் பத்துப் பத்துக் கண்ணாவது பார்த்துவிடலாம். மூன்றாவது கூட்டத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். டெமோ காட்ட வருபவர் வரவேற்பில் இருக்கும் ஊழியர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து 14, 15, 13 என்று காட்டுவார். இளைய கண், நல்ல கருவிழி, பயமில்லாத முகம். அந்த இடத்தில் ஏறக்குறைய எல்லாக் கருவியும் தேறிவிடும். சிகிச்சை தீர்மானமாகும் 23, 28, 35 இடங்களில்தான் கருவிகள் பிரிகின்றன. டெமோ நாளை, சொட்டு மருந்து தொடங்காத புதிய நோயாளிகள் வரும் நாளாகப் பார்த்து வையுங்கள்.

ஒரு ஆளுக்கு ஒரு கண் போதும். இரண்டு கண்ணையும் கணக்கில் சேர்த்தால் எண்ணிக்கைதான் கூடும், தகவல் கூடாது, ஏனென்றால் ஒருவரின் இரண்டு கண்ணும் ஒன்றைப் போலவே நடந்துகொள்ளும். கருவிழியில் தழும்பு, வீக்கம், 3 டயாப்டருக்கு மேல் ஆஸ்டிக்மாட்டிசம் (கருவிழி வளைவு எல்லாத் திசையிலும் ஒன்றாக இல்லாதது), லேசிக் என்னும் லேசர் பார்வைத் திருத்தம் செய்த கண் ஆகியவற்றை முதல் சோதனையில் ஒதுக்குங்கள். அவற்றில் தவறுவது கோல்ட்மேனாகவே இருக்கலாம். கூம்பாகப் புடைத்த கோனிக் கருவிழி, லேசிக் கண்களைத் தனியாகப் பார்த்துக்கொள்ளலாம்.

வரிசை முக்கியம். கருவிழியை அழுத்தும் எந்தக் கருவியும் கண்ணிலிருந்து நீரைக் கொஞ்சம் பிதுக்கி வெளியேற்றும். அடுத்தடுத்து அழுத்தினால் எண் இறங்கிக்கொண்டே போகும். ரிபவுண்ட் கருவியின் தொடுகை கண நேரத்தில் முடிந்துவிடும், மரப்பு மருந்தும் வேண்டாம். ஆகவே அது முதலில். ஐந்து நிமிடம் கழித்துப் ப்ராப்பராக்கைன் என்ற மரப்பு மருந்தை விட்டு கோல்ட்மேன். டோனோபென் போன்ற அழுத்தும் கருவியைக் கோல்ட்மேனோடு ஒப்பிடும்போது, யார் முதல் என்பதைக் காசு சுண்டித் தீர்மானியுங்கள். எல்லாம் கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிட வேண்டும். ஆரோக்கியமான கண்ணிலேயே ஒரு நாளுக்குள் அழுத்தம் 3 முதல் 6 வரை ஏறி இறங்கும், கிளாக்கோமாக் கண்ணில் அதற்கும் மேல். காலையில் ஒரு கருவி, மதியம் இன்னொன்று என்று அளந்தால் சோதித்தது கருவியை அல்ல, கடிகாரத்தை. காத்திருக்கும் நேரத்தில் ஒரே மூச்சில் பெரிய பாட்டில் தண்ணீரைக் குடித்துவிட்டு வருபவரையும் கவனியுங்கள்; ஒரு லிட்டர் தண்ணீர் பல கண்களில் அழுத்தத்தை நன்றாகவே ஏற்றிவிடும். அதையே ஒரு பரிசோதனையாகச் செய்பவர்களும் உண்டு.

மறைத்துப் படிக்க வேண்டும். ரிபவுண்டில் 19 வந்ததைப் பார்த்தவர் கோல்ட்மேனில் உட்கார்ந்தால், அவர் கை 19லேயே நிற்கும். நேர்மையான கையும் அப்படித்தான் செய்யும். எனவே ஒருவர் ரிபவுண்ட் பார்த்து எண்ணைத் தாளில் எழுதி மடிக்கட்டும். இன்னொருவர் கோல்ட்மேனில் ப்ரிசம் வழியே தெரியும் இரண்டு அரைவட்டங்களைப் பொருத்தட்டும். டிரம்மில் நிற்கும் எண்ணைப் பக்கத்தில் நிற்கும் மூன்றாமவர் படித்து எழுதட்டும். ஒவ்வொரு முறையும் டிரம்மை 1க்குத் திருப்பிவிட்டே தொடங்க வேண்டும். இரண்டு தரம் அளந்து, வித்தியாசம் 2க்கு மேல் போனால் மூன்றாவதும் எடுத்து நடு எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். ஓ.எச்.டி.எஸ். என்ற பெரிய அமெரிக்க ஆய்வு கடைப்பிடித்த விதி இது.

கோல்ட்மேனில் தவறு எங்கே நுழைகிறது என்று பழகியவர்களுக்குத் தெரியும், ஆனாலும் சோதனை நாளில் நினைவுபடுத்திக்கொள்வது நல்லது. கண்ணீரில் விடும் ஃப்ளூரசின் சாயம் அதிகமானால் அரைவட்டக் கோடு தடித்து எண் கூடும். போதாவிட்டால் கோடு மெலிந்து எண் குறையும். உள்விளிம்புகள் தொட வேண்டும், வெளிவிளிம்புகள் அல்ல. இமையைப் பிடிக்கும் விரல் கண்கோளத்தில் பட்டால் எண் எகிறும். விரல் எலும்பு விளிம்பில்தான் ஊன்ற வேண்டும். இறுக்கமான சட்டைக் காலர், மூச்சடக்கல், தாடைப் பலகைக்கு எட்டாமல் முன்னால் வளைந்து கழுத்தை நீட்டும் பருமனான உடல், இவையெல்லாம் எண்ணைக் கூட்டும்.

கணக்கு போடும்போது ஏமாறும் இடம்

விற்பனைத் தாளில் "கோல்ட்மேனோடு தொடர்பு 0.9" என்று எழுதியிருப்பார்கள். அது இரண்டும் சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்று மட்டும் சொல்லும். எப்போதும் 4 கூட்டியே காட்டும் கருவிக்கும் தொடர்பு எண் முழுதாக ஒன்று வரலாம். நமக்கு வேண்டியது ஒத்துப்போதல். புள்ளியியலாளர்கள் பிளாண்டும் ஆல்ட்மேனும் 1986இல் சொல்லிக்கொடுத்த முறை இதற்குப் போதும். ஒவ்வொரு கண்ணுக்கும் புதிய கருவியின் எண்ணிலிருந்து கோல்ட்மேன் எண்ணைக் கழியுங்கள். அந்த வித்தியாசங்களின் சராசரி, கருவியின் நிலையான சாய்வு. அவை எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று காட்டும் திட்ட விலக்கத்தை 1.96ஆல் பெருக்கிச் சராசரியோடு கூட்டியும் கழித்தும் பார்த்தால் கிடைப்பது வரம்பு. உதாரணத்துக்கு, சராசரி 1, விலக்கம் 2.5 என்றால் வரம்பு −3.9 முதல் +5.9 வரை. "சராசரியாக ஒன்றுதான் கூடுதல்" என்று விற்பவர் சொல்வது உண்மைதான். எதிரே உட்கார்ந்திருக்கும் ஒரு நோயாளிக்கு அது நான்கு குறைவாகவோ ஆறு கூடுதலாகவோ இருக்கலாம் என்பதும் அதே அளவு உண்மை.

இதைச் செய்ய எக்ஸெல் தாளில் மூன்று கட்டம் போதும். வித்தியாசத்தைக் குத்துக்கோட்டிலும் இரண்டு எண்களின் சராசரியைக் கிடைக்கோட்டிலும் வைத்துப் புள்ளிகளைப் போட்டுப் பாருங்கள். வலப்பக்கம் போகப் போகப் புள்ளிகள் கீழே சரிந்தால், அதிக அழுத்தத்தை அந்தக் கருவி குறைத்துக் காட்டுகிறது. கிளாக்கோமா கிளினிக்குக்கு இதுதான் மிக ஆபத்தான வகை.

ஐகேர்: ரிபவுண்ட் கருவிகள்

பின்லாந்தில் ஆன்டி கோன்டியோலாவின் யோசனையிலிருந்து வந்தது ஐகேர். மில்லிகிராம் கணக்கில் எடையுள்ள, நுனியில் சிறு பிளாஸ்டிக் உருண்டை கொண்ட கம்பி, அதாவது ப்ரோப், காந்தச் சுருளால் தள்ளப்பட்டுக் கருவிழியில் மோதித் திரும்புகிறது. கண் எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு சட்டென்று வேகம் குறையும். ஆறு மோதல், பெரியதையும் சிறியதையும் தள்ளி மற்றதின் சராசரி. மரப்பு மருந்து வேண்டாம், ஃப்ளூரசின் வேண்டாம், ஸ்லிட் லேம்ப் வேண்டாம். குழந்தைகளுக்கு இதைப் போல வேறு எதுவும் இல்லை என்றே சொல்வோம். அலறி அழும் குழந்தையைப் பிடித்து அழுத்தி எடுத்த எண்ணை விட, அம்மா மடியில் உட்கார்ந்திருக்கும்போது நொடியில் எடுத்த எண் பல மடங்கு நம்பகமானது. சக்கர நாற்காலியில் வருபவர், கூன் விழுந்த முதியவர், கிராம முகாம், எல்லா இடத்துக்கும் இது பொருந்தும்.

தவறுவது பெரும்பாலும் கையாள்வதில். நுனிக்கும் கருவிழிக்கும் 4 முதல் 8 மி.மீ. இடைவெளி வேண்டும். கருவிழியின் நடுவில், செங்குத்தாக. பட்டனை அழுத்தும் வேகத்தில் கை ஆடினால் அடுத்தடுத்த மோதல்கள் சிதறி, கருவியே எச்சரிக்கும். அந்த எச்சரிக்கையை அலட்சியம் செய்து எண்ணை மட்டும் எழுதிக்கொள்வதுதான் நாம் அதிகம் காணும் குற்றம். எச்சரிக்கையோடு வந்த எண் 19க்கு மேல் இருந்தால் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி எடுங்கள். டி.ஏ.01ஐ, ஐ.சி.100 ஆகிய ஐகேர் மாடல்களில் ப்ரோப் கிடைமட்டமாக ஓட வேண்டும். நோயாளி நிமிர்ந்து உட்கார வேண்டும். படுத்திருப்பவருக்கு ஐ.சி.200 வேண்டும்.

பராமரிப்பில் எல்லோரும் மறப்பது ப்ரோப் ஓடும் அடிக்குழலை. கண்ணீரும் தூசியும் உள்ளே படிந்தால் கம்பி தயங்கித் தயங்கி ஓடும், எண்கள் சிதறும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதைக் கழற்றி ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் ஊறவைத்து, காற்றூதி உள்வழியை முழுதாக உலர்த்தி மாட்ட வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை புதியது. மண் பறக்கும் முகாம்களுக்குக் கொண்டு போனால் இன்னும் சீக்கிரம். ப்ரோப் ஒரு நோயாளிக்கு ஒன்று. செலவு மிச்சம் என்று ஸ்பிரிட்டில் துடைத்து அடுத்தவருக்குப் போடுவது தொற்றுக்கும் வழி, தவறான எண்ணுக்கும் வழி. கருவியின் விலையை மட்டும் கேட்டுவிட்டு வாங்காதீர்கள். ஆண்டுக்கு எத்தனை ஆயிரம் ப்ரோப் வேண்டியிருக்கும் என்பதையும் சேர்த்துப் பெருக்கிப் பாருங்கள்.

பெரிய குறை ஒன்று: சரிபார்க்கும் கம்பி இதற்குக் கிடையாது. கிளினிக்கிலேயே சரிபார்க்க ஒரே வழி, மாதந்தோறும் பத்துக் கண்ணைக் கம்பியால் சரிபார்த்த கோல்ட்மேனோடு ஒப்பிட்டு, அந்த வித்தியாசத்தின் சராசரியை ஒரு நோட்டில் எழுதி வருவது. மூன்று மாதம் ஒரே திசையில் நகர்ந்தால் சர்வீஸுக்கு அனுப்புங்கள்.

இன்னொன்று, ஒரே நிறுவனத்தின் மாடல்களே ஒன்றுபோல் படிப்பதில்லை. பழைய டி.ஏ.01ஐ பல ஆய்வுகளில் கோல்ட்மேனை விட ஓரிரண்டு கூட்டிக் காட்டியது. ஐ.சி.100 சில ஆய்வுகளில் குறைத்துக் காட்டியது. தடித்த கருவிழியில் ரிபவுண்ட் எண் கூடுவதும் மெல்லியதில் குறைவதும் மாடல் எதுவானாலும் உண்டு. பழையதைக் கொடுத்துவிட்டுப் புதியதை வாங்கும் கிளினிக்கில், நோயாளியின் அழுத்தம் ஒரே வாரத்தில் 3 இறங்கியது போலத் தெரிந்தால், அந்தப் பெருமையைச் சொட்டு மருந்துக்குக் கொடுத்துவிடக் கூடாது.

மற்றவை, சுருக்கமாக

டோனோபென் ஏவியா: மரப்பு மருந்தும் நுனிக்கு ஒவ்வொரு முறையும் புதிய ரப்பர் உறையும் வேண்டும். தொடும் பரப்பு மிகச் சிறியது என்பதால், தழும்பு விழுந்த, வீங்கிய, மாற்று அறுவை செய்த கருவிழியில் நல்ல இடமாகப் பார்த்துத் தொட்டு அளக்கலாம். இதற்காகவே ஒன்று வைத்திருக்கலாம். பத்து அளவீட்டின் சராசரியையும் நம்பக எண்ணையும் காட்டும். உறையை இழுத்துப் போட்டால் எண் மாறும். சுருக்கமும் இல்லாமல் இறுக்கமும் இல்லாமல் உட்கார வேண்டும். கோல்ட்மேனோடு ஒப்பிட்டால், குறைந்த அழுத்தத்தைக் கூட்டியும் அதிக அழுத்தத்தைக் குறைத்தும் காட்டும் பழக்கம் இந்தக் குடும்பத்துக்கு உண்டு. லேடெக்ஸ் ஒவ்வாமை பற்றிக் கேட்க மறக்க வேண்டாம்.

என்.சி.டி. என்னும் காற்று மெஷின் 1972 முதல் இருக்கிறது. கண்ணைத் தொடாது, தொற்று பயம் குறைவு, ஊழியரே எடுத்துவிடலாம். காற்று கண்ணில் படுவது கண் சிமிட்டும் நேரத்திலும் குறைவான நேரம். அந்தக் கணத்தில் இதயத் துடிப்பின் மேட்டில் இருக்கிறோமா பள்ளத்தில் இருக்கிறோமா என்பதைப் பொறுத்தே எண் 2, 3 மாறும். ஒரே காற்றில் வந்த எண்ணை எழுதக்கூடாது, மூன்றின் சராசரி. முதல் காற்றுக்கு நோயாளி திடுக்கிடுவார், அதனால் அது பெரும்பாலும் கூடுதலாகவே வரும். கையில் ஒரு தரம் அடித்துக் காட்டிவிட்டுத் தொடங்கினால் பாதி பிரச்சினை போய்விடும். சந்தேகமான கண்களைச் சலித்தெடுக்க நல்லது. 21க்கு மேல் காட்டிய ஒவ்வொரு கண்ணும் கோல்ட்மேனுக்குப் போக வேண்டும்.

ஓ.ஆர்.ஏ., கார்விஸ் எஸ்.டி. இரண்டும் காற்றடிப்பவையே, ஆனால் கருவிழி உள்வாங்கி மீளும் விதத்தையும் பதிகின்றன. கார்விஸ் நொடிக்கு 4,300க்கும் மேற்பட்ட படம் எடுக்கிறது. தடிமனால் ஏமாறாத அழுத்தம் என்று ஒரு திருத்திய எண்ணைத் தருகின்றன. லேசிக் செய்த கண்ணில், கோல்ட்மேன் பொய்யாகக் குறைத்துக் காட்டும் இடத்தில், இந்த எண்ணுக்கு உண்மையான மதிப்பு உண்டு. ஓ.ஆர்.ஏ. தரும் ஹிஸ்டெரிசிஸ் (அழுத்தத்தை உள்வாங்கித் தணிக்கும் கருவிழியின் திறன்) குறைவாக இருந்தால் நோய் வேகமாக முற்றும் வாய்ப்பு அதிகம் என்பதும் பயனுள்ள தகவல். பெரிய மையத்துக்கு ஏற்றவை. இரண்டு அறை கிளினிக்குக்கு இந்தப் பணத்தில் வேறு தேவைகள் இருக்கும்.

பாஸ்கல் டைனமிக் கான்டூர் கருவி கருவிழியைத் தட்டையாக்காமல் அதன் வளைவுக்கு ஏற்ற குழிந்த முனையால் ஒட்டி நின்று அளக்கிறது. தடிமனின் பாதிப்பு குறைவு, கோல்ட்மேனை விடச் சுமார் 2 கூடுதலாகக் காட்டும். நோயாளி பல நொடி அசையாமல் இருக்க வேண்டும். நடுங்கும் முதியவர்களிடம் பாதிக்கு மேல் வீணாகும். தரக் குறி 1 அல்லது 2 வந்தால் எடுத்துக்கொள்ளலாம், 4உம் 5உம் குப்பை. மூடிய இமையின் மேலேயே தட்டி அளக்கும் கருவிகளை, கருவிழியையே தொட முடியாத கண்ணுக்குத் தவிர நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். இமையின் தடிமனும் இறுக்கமும் ஆளுக்கு ஆள் மாறும். கோல்ட்மேனோடு வரும் வித்தியாசம் சிகிச்சைக்கு ஏற்காத அளவு பரந்தது.

வீட்டுக்குக் கொடுக்கும் ஐகேர் ஹோம்

புதிய கருவிகளில் எங்களுக்கு அதிக நம்பிக்கை தருவது இதுதான், அதிக எச்சரிக்கை வேண்டியதும் இதுதான். மருத்துவமனை நேரத்தில் 16 காட்டும் கண் விடியற்காலையில் 26க்குப் போகலாம். அதைப் பிடிக்க இதுவரை நோயாளியைப் படுக்கையில் சேர்த்து இரவெல்லாம் எழுப்ப வேண்டியிருந்தது. ஹோம் கருவியில் நோயாளியே நெற்றித் தாங்கியையும் கன்னத் தாங்கியையும் சரிசெய்து தன் கண்ணை அளக்கிறார். அடுத்து வந்த ஹோம் 2 படுத்தபடியும் அளக்கும்.

எல்லோருக்கும் கை வராது. 2016இல் வெளியான அமெரிக்க ஆய்வில் பயிற்சி பெற்றவர்களில் நூற்றுக்கு 74 பேர்தான் தகுதி பெற்றார்கள். தகுதி பெற்றவர்களிலும் கோல்ட்மேனிலிருந்து 5க்குள் நின்றவர்கள் சுமார் 91 சதவீதம். அதாவது தேர்ந்தெடுத்த கைகளே ஐ.எஸ்.ஓ. கேட்கும் 95 சதவீதத்தை எட்டவில்லை. ஆகவே கொடுத்தனுப்பும் முன் கிளினிக்கிலேயே மூன்று தரம் அளக்கச் சொல்லுங்கள். மூன்றுக்கும் இடையே 7க்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ, கோல்ட்மேனிலிருந்து 5க்கு மேல் விலகினாலோ அன்று கொடுக்காதீர்கள். இன்னொரு நாள் பயிற்சி, இல்லையென்றால் மகனோ மருமகளோ எடுத்துக் கொடுக்கும்படி பழக்கலாம். கை நடுக்கம், மோசமான பார்வை, ஒரே கண் உள்ளவர்கள் தனியாகச் செய்யத் தடுமாறுவார்கள்.

ஒரு கருவியைப் பல நோயாளிகளுக்குச் சுற்றுக்கு விடுவதே இங்கே நடைமுறை. ஒருவருக்கு ஐந்து முதல் ஏழு நாள் போதும்: எழுந்தவுடன் படுக்கையை விட்டு இறங்கும் முன், காலை பத்து, மாலை நான்கு, படுக்கும் முன். சொட்டு மருந்து விட்ட நேரத்தையும் அதே தாளில் எழுதச் சொல்லுங்கள். கொடுக்கும் அன்றும் திரும்ப வாங்கும் அன்றும் கோல்ட்மேனில் ஒருமுறை பார்த்து, அந்த இரண்டு நாளின் வித்தியாசத்தைக் குறித்துவிட்டே மற்ற எண்களைப் படியுங்கள். கேஸ் ஷீட்டில் "பிரஷர் 18" என்று மட்டும் எழுதினால் ஆறு மாதம் கழித்து அது யாருக்கும் உதவாது. எந்தக் கருவி, எந்த மாடல், எத்தனை மணி என்ற மூன்றும் பக்கத்தில் இருக்கட்டும். கருவியை மாற்றும் நாளில் பழையதிலும் புதியதிலும் ஒரே கண்ணை அளந்து, இரண்டு எண்ணையும் ஒரே வரியில் எழுதி வையுங்கள்.